எடுத்துக்காட்டுகளால் கற்கும் இயந்திரம்

‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் இன்று வீட்டுக்கு வீடு அடிபடுகிறது. 1955-இல் அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி முதலியோர் ஓர் ஆய்வரங்கிற்கான திட்டக் குறிப்பில் இதன் ஆங்கிலப் பெயரை வழங்கினர். மறு ஆண்டு டார்ட்மவுத் கல்லூரியில் அவ்வரங்கு நடந்தது. பெயர் பெரிதாயினும், அதன் அடிப்படையைப் பெங்களூர்த் தமிழர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நம்மில் பலர் கன்னடம் கற்றதும் அவ்வழியில்தானே!

கற்பது எப்படி?

தமிழகத்திலிருந்து புதிதாக இங்கு வரும் ஒருவர், கடைத்தெருவில் பாலை ‘ஹாலு’ என்றும், பூவை ‘ஹூவு’ என்றும், பத்தை ‘ஹத்து’ என்றும், பணத்தை ‘ஹண’ என்றும் சொல்லக் கேட்கிறார். யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை. ஆயினும் தமிழில் பகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் ஹகரம் பெறும் என்று ஊகித்துக்கொள்கிறார். பிறகு ‘ஹசிவு’ என்று கேட்டதும், அது பசி என்று தாமே கண்டுகொள்கிறார்.

முற்காலக் கணிப்பொறிகளுக்கு மனிதர் விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தனர். இன்றோ இலட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து, அவற்றிலுள்ள ஒழுங்கை இயந்திரமே கண்டறிய விடுகின்றனர்.

நம் நகரில்

போக்குவரத்துக் காவல்துறை 2022 டிசம்பரில் 50 சந்திப்புகளில் செயல்படுத்திய கேமராக்கள் வண்டியின் எண் பலகையைப் படிக்கின்றன. அதே மாதம் கெம்பெகவுடா விமான நிலையத்தில் தொடங்கிய ‘டிஜி யாத்ரா’ முகத்தைக் கொண்டு பயணியை அடையாளம் காண்கிறது. தமிழும் கன்னடமும் 2011-இல் கூகுள் மொழிபெயர்ப்பில் சேர்ந்தன. இன்று கன்னட அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்தால் தமிழில் படிக்கலாம்.

தவறுவது எப்படி?

நம் புதியவர் ‘பாடம்’ என்பதைக் கன்னடத்தில் ‘ஹாட’ என்று சொன்னால் என்னாகும்? அது வடமொழிச் சொல்; கன்னடத்திலும் ‘பாட’ என்றே வழங்கும். இங்கே ஊகம் பொய்த்தது. இயந்திரமும் இவ்வாறே தவறும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதர் தயங்குவார், கேட்பவர் முகம் பார்த்துத் திருத்திக்கொள்வார். இயந்திரமோ பிழையான விடையையும் சரியான விடையைப் போலவே உறுதியாகக் கூறிவிடும்.

கன்னடத்தில் ‘ஹாலு’ என்றால் பால். ‘ஹாளு’ என்றால் பாழ். ஓர் எழுத்து மாறினால் பொருளே தலைகீழ்! பிள்ளைகள் அலுவலகம் சென்ற நேரத்தில் கன்னடக் கடிதம் வந்தால், வீட்டுப் பெரியவர்களுக்குக் கைப்பேசி பேருதவிதான். ஆயினும் சொத்துப் பத்திரம், வங்கிக் கடிதம், மருத்துவமனைப் படிவம் ஆகியவற்றில் கையெழுத்திடுமுன் மூன்றைக் கடைப்பிடியுங்கள்:

1. பெயர், தேதி, தொகை ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

2. ‘இல்லை’, ‘கூடாது’ போன்ற எதிர்மறைச் சொற்கள் விடுபட்டனவா என்று பாருங்கள்.

3. கன்னடம் படிக்கத் தெரிந்த, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவதே முதன்மையானது. பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர் நமக்காகப் பொறுப்புடன் படிப்பார். இயந்திரத்திற்கு அப்பொறுப்பு கிடையாது.

பயிற்சி

ஹல்லு, ஹாவு, ஹாடு, பத்ரிகெ: இவற்றின் தமிழ்ச் சொற்களைக் காண்க. ஊகத்துக்கு அடங்காதது எது?

விடை: பல், பாம்பு, பாட்டு, பத்திரிகை. இறுதிச் சொல் அடங்காது. அதுவும் வடமொழி வழி வந்ததே.