பரணில் கிடக்கும் பெட்டிக் கேமரா

ஆத்தூர், தலைவாசல், வாழப்பாடிப் பக்கங்களில் பழைய வீடுகளின் பரணை ஒழிக்கும்போது, பித்தளைப் பாத்திரங்களுக்கும் ஓட்டை டிரங்குப் பெட்டிக்கும் நடுவே கறுப்பாக ஒரு கேமரா அகப்படுவது உண்டு. அதில் மின்கலம் இல்லை, படம் பார்க்கத் திரையும் இல்லை. "இது எதற்கு ஆகும்?" என்று பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் கைப்பேசியில் நொடிக்குப் பல படம் எடுக்கும் இந்நாளிலும், உலகெங்கும் ஆர்வலர்கள் சிலர் இத்தகைய கேமராக்களைத் தேடிப் பிடித்து, சுருள் மாட்டி, படம் எடுத்து மகிழ்கிறார்கள். அப்படி என்ன இன்பம் அதில்? பழமை மோகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். விடையின் பெரும்பகுதி உங்கள் பாடப் புத்தகத்தின் ஒளியியல் பகுதியிலேயே இருக்கிறது.

நம் நாட்டு வீடுகளில் பெரிதும் காணப்படுவது ஆக்ஃபா கிளிக் 3 என்னும் பெட்டிக் கேமரா. இது பரோடாவில் தயாரானது. 120 என்ற எண்ணுள்ள சுருளில், ஏறத்தாழ 6 செ.மீ. சதுரத்தில், 12 படங்கள் விழும். (இந்தச் சுருளை ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1901இல் அறிமுகப்படுத்தியது. நூற்றாண்டு கடந்தும் அதே அளவில் இன்றும் விற்பனையாகிறது!) இவ்வகைக் கேமராவில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் ஏற்பாடே கிடையாது. மூன்று மீட்டருக்கு அப்பால் நிற்பவரை எடு, அவ்வளவுதான் கட்டளை. பக்கத்தில் நிற்பவரும் தொலைவில் உள்ள மலையும் ஒரே படத்தில் தெளிவாக விழுவது எப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

லென்ஸின் குவியத் தூரம் 70 மி.மீ., அதன் துளையின் விட்டம் 7 மி.மீ. என்று கொள்வோம். பெட்டிக் கேமராக்களின் அளவுகள் இதையொட்டியே இருக்கும். வில்லைச் சமன்பாட்டின்படி, மிகத் தொலைவில் உள்ள கல்வராயன் மலையின் பிம்பம் லென்ஸிலிருந்து 70 மி.மீ. தூரத்தில் விழும். 6 மீட்டரில் நிற்பவரின் பிம்பம் 70.8 மி.மீ. தூரத்திலும், 3 மீட்டரில் நிற்பவரின் பிம்பம் 71.7 மி.மீ. தூரத்திலும் விழும். சுருளை 70.8 மி.மீ. தூரத்தில் நிலையாக வைத்துவிட்டால், மலையின் பிம்பம் 0.8 மி.மீ. முன்னால் விழுகிறது, 3 மீட்டர்க்காரரின் பிம்பம் ஏறக்குறைய அதே அளவு பின்னால் விழுகிறது.

இனி வடிவொத்த முக்கோணங்கள். லென்ஸ் துளையிலிருந்து புறப்படும் ஒளிக் கூம்பின் அடி 7 மி.மீ., உயரம் 70 மி.மீ.; அதாவது பத்துக்கு ஒன்று. ஆகவே 0.8 மி.மீ. விலகினால் புள்ளி ஒன்று 0.08 மி.மீ. அகலமுள்ள வட்டமாகப் பரவும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்தில் 0.1 மி.மீ.க்குக் குறைவான வட்டத்தை நம் கண் புள்ளியாகவே ஏற்றுக்கொள்கிறது. ஆக, 3 மீட்டரிலிருந்து மலை வரை எல்லாம் 'தெளிவு' ஆகிவிட்டது! அந்தக் காலத்தில் நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து அதே அளவில் படம் போட்டுக் கொடுத்ததன் சூட்சுமம் புரிகிறதா? நான்கு மடங்கு பெரிதாக்கினால் அந்த வட்டமும் மூன்றில் ஒரு மி.மீ. ஆகி, குட்டு வெளிப்பட்டுவிடும். குழந்தையின் முகத்தை ஒரு மீட்டரில் எடுக்க ஆசைப்பட்டால் வட்டம் எவ்வளவு பரவும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். விடை 0.4 மி.மீ.க்குச் சற்று மேல் வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆர்வலர்களின் இன்பம் தொடங்குகிறது என்பேன். கைப்பேசி தரும் படம் ஏன் அப்படி வந்தது என்று நம்மால் எளிதில் சொல்ல முடியாது. உள்ளே கணினி பல திருத்தங்களைச் செய்துவிடுகிறது. பழைய கேமராவின் படத்தில் உள்ள ஒவ்வொரு குறைக்கும் காரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஓரங்கள் மங்கலாக இருக்கின்றனவா? ஒற்றை லென்ஸின் பிம்பம் தட்டையான தளத்தில் விழாமல் கிண்ணம் போல் வளைந்து விழுகிறது. அதற்காகவே பல பெட்டிக் கேமராக்களில் சுருளையும் சற்று வளைத்து ஓடவிட்டிருப்பார்கள். நடுவில் தெளிவும் ஓரத்தில் மென்மையும் கொண்ட அந்தப் படம் முகத்தை எடுத்துக் காட்டுகிறது என்று குறையையே குணமாக்கிக்கொள்வோர் உண்டு.

குறையைப் போக்கும் வழிகளும் அக்காலத்திலேயே வந்துவிட்டன. 1893இல் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் மூன்று வில்லைகளைக் கொண்ட லென்ஸை அமைத்தார். 1902இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் நான்கு வில்லைகளால் ஆன 'டெஸ்ஸார்' லென்ஸை அமைத்தார். படம் ஓரம்வரை கூர்மையாயிற்று. ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றில் 4 பங்கு ஒளி எதிரொளித்துவிடும். ஒற்றை லென்ஸில் இரண்டு பரப்புகள். 92 பங்கு தப்பிப் பிழைக்கும். மூன்று தனி வில்லைகளில் ஆறு பரப்புகள். 78 பங்குதான் மிஞ்சும். தொலைந்த ஒளி சும்மா இருப்பதில்லை. அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து திரிந்து சுருளில் பனிமூட்டம் போல் படிகிறது. 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா, ஒளியின் அலைநீளத்தில் கால் பங்குத் தடிப்புள்ள படலத்தை லென்ஸின் மேல் பூசி இந்த எதிரொளிப்பைக் குறைத்தார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவாகவோ நீலமாகவோ மின்னுவது அந்தப் படலமே. மின்னாவிட்டால் பூச்சில்லாத பழைய லென்ஸ் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதனால் சூரியனை எதிர்நோக்கி எடுத்தால் படம் வெளிறும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுங்கள் என்று அந்நாளைய படக்காரர்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒளியின் அளவை எப்படி அறிவது? வெயில், மேகம் என்ற இரண்டு அடையாளங்களே இக்கேமராக்களில் இருக்கும். இது போதுமா என்று கேட்பவர்கள் ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளைப் போய்ப் பார்க்க வேண்டும். குச்சிக்கிழங்கு மாவும் ஜவ்வரிசியும் களம் முழுவதும் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும். தானியங்கிக் கேமராக்கள் பொதுவாகப் பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கின்றன. களத்தின் வெண்மையைக் கண்டு மிரண்டு ஒளியைக் குறைத்துவிட்டால், ஜவ்வரிசி சாம்பல் நிறமாகும். கிளறுகிறவரின் முகம் கறுத்துப் போகும். பெட்டிக் கேமராவோ களத்தைப் பார்ப்பதே இல்லை. வானத்திலிருந்து விழும் வெயில் எவ்வளவு என்பது மட்டுமே அதன் கணக்கு. அந்த வெயில் கருங்கல்லின் மேலும் ஒன்றுதான், ஜவ்வரிசியின் மேலும் ஒன்றுதான்! இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: ஐ.எஸ்.ஓ. 100 சுருளுக்கு, நல்ல வெயிலில் துளை எண் 16, நேரம் நூற்றில் ஒரு நொடி. (துளை எண் என்பது குவியத் தூரத்தைத் துளை விட்டத்தால் வகுத்து வருவது, நம் கேமராவுக்கு 10.) பெட்டிக் கேமரா ஏறக்குறைய முப்பதில் ஒரு நொடி திறப்பதால் இந்த விதி கேட்பதைவிட எட்டு மடங்கு ஒளி உள்ளே போகும். கறுப்பு வெள்ளைச் சுருள் அதையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அக்காலச் சுருள்கள் பல ஒளியுணர்வு குறைந்தவை; ஆகவே அன்று மிகை இவ்வளவு இராது.

சுருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் உதகமண்டலத்திலேயே அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் அதன் சுருள்கள் விற்றன. 1990களில் நலிந்து, பின்னர் அது மூடப்பட்டுவிட்டது. இன்று இங்கிலாந்து, அமெரிக்கா, செக் நாடு போன்ற இடங்களில் தயாராகும் சுருளைத்தான் வாங்க வேண்டும். விலை அதிகம். பன்னிரண்டே படம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் முன் யோசிக்க வேண்டியிருக்கிறது. எடுத்தபின் இருட்டில் உருத்துலக்கி, உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் அதே ஹைப்போ கரைசலில் இட்டு, ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்க வேண்டும்.

இத்தனை பாட்டையும் விரும்பிச் சுமப்போர் நம் மாநிலத்துக்குப் புதியவர்கள் அல்லர். சென்னையில் 1856இலேயே அலெக்சாண்டர் ஹண்டர் முயற்சியால் ஒளிப்படக் கழகம் தோன்றியது. அக்காலத்தில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மெழுகு தடவிய காகித நெகட்டிவ்களோடு ஊர் ஊராகச் சென்றார். ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வெளிவந்தன.

உங்கள் வீட்டுப் பரணில் கேமரா கிடைத்தால் முதலில் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். (சூரியனை மட்டும் அதன் வழியே பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.) சிலந்தி வலை போல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரமான இடத்தில் வளர்ந்து, அதன் கழிவால் கண்ணாடியையே அரித்துவிடும். கேமராவை உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். தோல் உறைக்குள் பூட்டி வைப்பது பூஞ்சைக்கு விருந்து. பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி, சுருளின் முதுகுத்தாளில் உள்ள எண்ணைப் பார்ப்பதற்கு. முற்காலச் சுருள்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி உறைக்காது. இன்றைய சுருள்களுக்கு உறைக்கும். எண்ணைப் பார்த்ததும் கறுப்பு நாடாவால் மூடிவிடுங்கள்.

சுருள் வாங்கக் காசில்லையென்றாலும் ஒரு சோதனை செய்யலாம். விரல் எடுக்கும்வரை திறந்தே இருக்கும் 'பி' நிலை உள்ள கேமராவாகப் பாருங்கள். பின்பக்கத்தைத் திறந்து, சுருள் ஓடும் இடத்தில் டிரேசிங் தாளை ஒட்டுங்கள். தலையையும் கேமராவின் பின்பக்கத்தையும் சேர்த்துக் கறுப்புப் போர்வையால் மூடிக்கொண்டு 'பி' நிலையில் திறந்தால், தாளில் தெரு தலைகீழாக ஓடும். நண்பரை 3 மீட்டரில் நிறுத்தி, பிம்பத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்து, வில்லைச் சமன்பாட்டைக் கொண்டு குவியத் தூரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு லென்ஸின் விளிம்பைப் பாருங்கள். தயாரித்தவர்கள் எண்ணைப் பொறித்திருந்தால் உங்கள் விடையோடு ஒப்பிடலாம்.