கடைக் கணக்கும் காலாவதியான கம்ப்யூட்டரும்



காலாவதியான மாவுப் பாக்கெட்டையும் எண்ணெய் டின்னையும் நாம் அலமாரியில் விட்டு வைப்பதில்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் தூசி படிந்து ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் கம்ப்யூட்டருக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று விட்டுவிடுகிறோம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி கொள்முதல் செய்வோரும், கிராமக் கடைகளுக்கு மளிகை அனுப்பும் மொத்த வியாபாரிகளும் பாக்கியின் மேல்தான் தொழில் நடத்துகிறோம். அறுவடைப் பணம் கைக்கு வரும்வரை பாக்கி நிற்கும். முன்பு அந்தக் கணக்கு பேரேட்டில் இருந்தது; இன்று சர்வரில் இருக்கிறது. அது ஒரே இரவில் பூட்டப்பட்டால், யார் எவ்வளவு தரவேண்டும் என்று சொல்ல நம் கையில் ஒன்றும் இராது.

காலாவதி என்றால் என்ன?

விண்டோஸ் போன்ற இயக்க மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் தெரியவரும். தயாரித்த நிறுவனம் அவற்றை அடைக்கும் திருத்தங்களை அனுப்பும். குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு பழைய பதிப்புகளுக்கு இதை நிறுத்திவிடும். ஆனால் திருடர்கள் நிறுத்துவதில்லை. புதிய பதிப்புக்கு வரும் திருத்தத்தைப் பார்த்தே, பழைய பதிப்பில் அதே ஓட்டை எங்கே இருக்கும் என்று கண்டுகொள்கிறார்கள்.

பொதுவான ஆதரவு நின்ற நாட்கள் இவை:

விண்டோஸ் எக்ஸ்பி – 2014 ஏப்ரல் 8
சர்வர் 2003 – 2015 ஜூலை 14
விண்டோஸ் 7, சர்வர் 2008 – 2020 ஜனவரி 14
விண்டோஸ் 8.1 – 2023 ஜனவரி 10
சர்வர் 2012 – 2023 அக்டோபர் 10
விண்டோஸ் 10 – 2025 அக்டோபர் 14

விண்டோஸ் 10 வைத்திருப்போரில், கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அதன் பிறகும் சில காலம் திருத்தங்கள் வரும். சர்வர் 2016-க்கு நிறுவனம் அறிவித்துள்ள நாள் 2027 ஜனவரி 12.

நடந்தவை கற்பிப்பவை

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற பூட்டு வைரஸ் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. ஆந்திரக் காவல் துறையின் சில கம்ப்யூட்டர்களும் அதில் அகப்பட்டன. திறந்துவிட 300 டாலர் கேட்டார்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. அதைப் போடாதவர்களும், திருத்தமே வராத பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்களும்தான் அகப்பட்டார்கள்.

2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன. நோயாளிப் பதிவுகளை நாள் கணக்கில் கையால் எழுத வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் வலையமைப்பு முறையாகப் பிரித்து அமைக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஒரு அறையில் பிடித்த தீ எல்லா அறைக்கும் பரவ வழி இருந்தது என்பதே இதன் பொருள்.

2024 ஜூலை இறுதியில் சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் இதேபோல் தாக்கப்பட்டது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உடனே அதன் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ மூலம் பணம் அனுப்ப முடியாமல் தவித்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் தீ மற்ற வங்கிகளுக்குப் பரவவில்லை. மறுநாளே இணைப்பு திரும்பியது. பிரித்து வைப்பதன் பயனை இதில் காணலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. கணக்கெடுங்கள். கடை, குடோன், எடைமேடை ஆகியவற்றில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நோட்டில் எழுதுங்கள். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் பதிப்பின் பெயர் தெரியும். மேலே உள்ள பட்டியலுடன் ஒப்பிடுங்கள்.

2. எதை முதலில் மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கைமுதல் இராது. பற்று வரவும் ஜிஎஸ்டி கணக்கும் இருக்கும் சர்வரை முதலில் மாற்றுங்கள். பில் மட்டும் அடிக்கும் பெட்டிகள் அடுத்து வரட்டும்.

3. மாற்ற முடியாததைப் பிரித்து வையுங்கள். எடைமேடை மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் நிலை இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வேண்டாம். மற்றவற்றோடு இணைக்கும் வயரையும் கழற்றிவிடுங்கள். எடைச்சீட்டை அச்சடித்துக் கொண்டு வந்து பதிந்தால் போதும். பென் டிரைவையும் அதில் செருக வேண்டாம்.

4. வெளிவாசலை மூடுங்கள். ஆடிட்டரோ கணக்குப்பிள்ளையோ வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க, சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை ரௌட்டர் வழியாக நேரடியாகத் திறந்து வைப்பது உண்டு. தெருக்கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதற்கு இது சமம். மெக்கானிக்கை வைத்து மூடச் சொல்லுங்கள். வி.பி.என். என்னும் பாதுகாப்பான வழியும் இருமுறைக் கடவுச்சொல்லும் இருந்தால் மட்டும் அனுமதியுங்கள். எஸ்.எம்.பி. 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையையும் நிறுத்தச் சொல்லுங்கள். வான்னாக்ரை புகுந்த வழி அதுதான்.

5. எல்லோருக்கும் எல்லா உரிமையும் வேண்டாம். கணக்குக் கோப்புறையை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் முழு உரிமையுடன் பகிர்ந்து வைத்தால், பில் போடும் பையன் திறக்கும் ஒரு தவறான இமெயில் சர்வர் முழுவதையும் பூட்டிவிடும். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல், தேவைக்கேற்ற உரிமை என்று அமையுங்கள்.

6. நகல் எடுங்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடைக்கு வெளியே என்பது பொது விதி. நகல் எடுத்த ஹார்ட் டிஸ்க்கை உடனே கழற்றிவிட வேண்டும். செருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, பாக்கித் தொகை சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள்.

நகல் எடுப்பது சட்டக் கடமையும் ஆகும். மின்னணு முறையில் கணக்கு வைப்போர் அழிவு நேர்ந்தால் மீட்கும் வகையில் நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 57 சொல்கிறது. கணக்குகளை, ஆண்டுப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும் என்று சட்டப் பிரிவு 36 சொல்கிறது.

பூட்டப்பட்டுவிட்டால்?

முதலில் நெட்வொர்க் வயரை உருவுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். திரையில் வந்த செய்தியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் கணக்கு திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1930 என்ற எண்ணிலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ, மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ உடனே புகார் செய்யுங்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகே நகலிலிருந்து கணக்கை ஏற்றுங்கள்.

புதுக்கணக்குப் போடும்போது பழைய பாக்கிகளைச் சரிபார்ப்பது நம் வழக்கம். அன்றைக்கே கம்ப்யூட்டர்களின் பட்டியலையும் சரிபார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரே தெருவில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தால் செலவும் பங்காகும், வேலையும் ஒரே நாளில் முடியும்.