தலை வேகமாகப் பெரிதானால் தாமதம் வேண்டாம்

நாயுடுபேட்டை ஓரமாகச் செல்கிறது சுவர்ணமுகி ஆறு. அது திருப்பதிப் பக்கமிருந்து வருகிறது. காளஹஸ்தியைத் தாண்டி வந்து, கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும். பயிர் அழுகும். மூளைக்குள்ளும் இப்படி ஒரு நீரோட்டம் உண்டு.

மூளைக்குள் நீர்

மூளைக்குள் சிறு அறைகள் உள்ளன. அங்கே தெளிந்த நீர் ஊறுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் சுமார் அரை லிட்டர் ஊறும். அது மூளையைச் சுற்றி வந்து இரத்தத்தில் கலந்துவிடும். போகும் வழி அடைத்தால் நீர் தேங்கும். அறைகள் உப்பும். மூளை நசுங்கும். இந்த நோய்க்கு 'ஹைட்ரோகெபாலஸ்' என்று பெயர். மூளையில் நீர் கோத்தல் என்று சொல்லலாம்.

சிலருக்கு இது பிறவியிலேயே இருக்கும். காசநோய்க் கிருமி மூளையின் உறையைத் தாக்கினாலும் வரும். இரத்தக் கசிவு, கட்டி இவற்றாலும் வரும். இது சாபத்தால் வருவதில்லை. கிரகணத்தாலும் வருவதில்லை. தாயின் மேல் பழி போடுவது தவறு.

ஒரு நாடா போதும்

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதம் 2 செ.மீ. கூடும். பிறகு வளரும் வேகம் குறையும். சுகாதார நிலையத்தில் நாடாவால் அளந்து குறித்துவைக்கச் சொல்ல வேண்டும்.

தலை இதைவிட வேகமாகப் பெரிதாகிறதா? உச்சிக்குழி புடைத்திருக்கிறதா? கருவிழி கீழே இறங்கியே இருக்கிறதா? அடிக்கடி வாந்தி எடுக்கிறதா? உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நசுங்கிய மூளை முழுதாகத் தேறுவது கடினம்.

பெரியவர்களுக்கும் வரும்

பெரியவர்களின் மண்டை ஓடு இறுகியிருக்கும். அதனால் தலை பெரிதாகாது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வரும். முதியவர்கள் சிலருக்குக் கால் தரையில் ஒட்டியதுபோல் நடை தடுமாறும். சிறுநீரை அடக்க முடியாது. மறதி கூடும். "வயதாகிவிட்டது" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அது சரியல்ல. சிகிச்சைக்குப் பின் மீண்டும் நன்றாக நடப்பவர்கள் உண்டு.

அறுவை சிகிச்சை

முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு மூளை அறையில் ஒரு மெல்லிய குழாயை வைப்பார்கள். அது தோலுக்கு அடியிலேயே காதின் பின்புறமாக வயிற்றுக்குள் இறங்கும். மிகுந்த நீர் அங்கே போய் உடம்பில் கலந்துவிடும். சிலருக்குக் குழாய் இல்லாமலே, உள்ளே சிறு துளையிட்டு வழி செய்வார்கள்.

இந்தக் குழாயில் ஒரு வால்வு உண்டு. ஜான் ஹால்ட்டர் என்பவர் அமெரிக்காவில் ஒரு பூட்டுக் கம்பெனியில் வேலை செய்தார். 1955-ல் பிறந்த அவருடைய மகனுக்கு இந்த நோய் இருந்தது. அப்போதைய குழாய்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. அவரே ஒரு வால்வு செய்தார். 1956-ல் மருத்துவர்கள் அதைப் பொருத்தத் தொடங்கினார்கள்.

இன்று உத்தரப் பிரதேசம் ஷாஜஹான்பூரில் குறைந்த விலையில் குழாய் தயாராகிறது. உகாண்டா நாட்டில் அதை விலை கூடிய வெளிநாட்டுக் குழாயோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. இந்த ஆய்வு 2005-ல் வெளியானது.

எங்கே போவது?

நாயுடுபேட்டை மக்களுக்குத் திருப்பதி பக்கம். அங்கே 1993-ல் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவு உள்ளது. செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். அரசு மருத்துவத் திட்டத்தில் உதவி கிடைக்குமா என்று அங்கேயே விசாரிக்க வேண்டும்.

குழாய் வைத்த பிறகு

குழாய் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். அது எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். வாந்தி, தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், காய்ச்சல், குழாய் வழியில் சிவந்த வீக்கம் - இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழாய் வைத்த குழந்தை பள்ளிக்குப் போகலாம். விளையாடலாம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் கைக்குழந்தைகளின் தலையை அளக்கிறார்களா?
2. முதியவரின் நடை மாறினால் என்ன செய்ய வேண்டும்?
3. குழாய் அடைத்துக்கொண்டதை எப்படி அறியலாம்?