பியானோ கற்கத் தொடங்கும் முன்...

ஹார்மோனியப் பெட்டியைப் பார்த்திராத மாணவர்கள் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். ஒரு பாடகருக்குச் சுருதி 'ஒரு கட்டை', மற்றொருவருக்கு 'ஐந்தரைக் கட்டை' என்று பெரியவர்கள் பேசவும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் குறிப்பிடுவது ஹார்மோனியத்தின் கட்டைகளைத்தான். பியானோவிலும் கட்டைகள் அதே வரிசையில் அமைந்துள்ளன. வெள்ளை 52, கறுப்பு 36, ஆக மொத்தம் 88.

எனவே ஹார்மோனியத்தில் விரல் பழகியவர், பியானோ எளிதாக வந்துவிடும் என்று எண்ணலாம். ஆனால் முதல் வாரத்திலேயே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரு கட்டை உரக்க ஒலிக்கிறது. அடுத்தது கேட்பதே இல்லை. மோதிர விரல் நாம் சொன்னபடி கேட்பதில்லை. "எனக்கு இசை ஞானம் போதாது" என்று முடிவுகட்டி, சில மாதங்களில் பாடத்தை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. உண்மையில் இந்தத் தடுமாற்றத்திற்குக் காரணம் ஞானக் குறைவு அன்று. கருவியின் அமைப்பும் கையின் அமைப்புமே. அதைப் புரிந்துகொண்டு தொடங்கினால் மனம் தளராது.

விரலின் வேலை எங்கே முடிகிறது?

ஹார்மோனியத்தில் ஒலிக்கு வேண்டிய ஆற்றலைத் துருத்தி தருகிறது. கட்டை, காற்றுக்கு வழிவிடும் கதவு மட்டுமே. அதை மெல்ல அழுத்தினோமா, வேகமாக அழுத்தினோமா என்பதால் ஒலியின் உரப்பு மாறாது. பியானோவில் துருத்தி இல்லை. ஆற்றல் முழுவதும் உங்கள் விரலிலிருந்தே வரவேண்டும்.

பியானோவின் கட்டை ஒரு நெம்புகோல். அதன் முன்முனை சுமார் 1 செ.மீ. இறங்கும்போது, அதனோடு இணைந்த வேறு சில நெம்புகோல்களின் உதவியால், கம்பளி பொதிந்த சிறிய சுத்தியல் ஒன்று ஏறக்குறைய 4.5 செ.மீ. நகர்ந்து எஃகுக் கம்பியைத் தாக்குகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, எறிந்த பந்தைப்போலத் தானே செல்கிறது. அப்படி விடுபடாவிட்டால், அது கம்பியோடு ஒட்டிநின்று அதிர்வை அடக்கிவிடும். இந்த அமைப்பை 1700ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெல்ல. 'போர்ட்டே' என்றால் உரக்க. மெல்லவும் உரக்கவும் ஒலிக்கக்கூடிய கருவி என்பதாலேயே இதற்குப் 'பியானோபோர்ட்டே' என்று பெயர் வந்தது.

எறிந்த பந்தை நடுவழியில் திருத்த முடியாது அல்லவா? சுத்தியலும் அப்படித்தான். எப்போது அழுத்துவது, எவ்வளவு வேகமாக அழுத்துவது, எப்போது கட்டையை விடுவது ஆகிய மூன்று மட்டுமே விரலின் கையில் உள்ளன. சுத்தியலின் வேகம் இரு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே விரல்களின் வேகம் சீராக இல்லாவிட்டால் ஒலியும் சீராக இராது.

முதல் மாதங்களில்...

முதல் பாடத்தில் பாட்டு எதுவும் வராது. முன்கை தரைக்கு இணையாக இருக்கும்படி இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வது, விரல்களை இலேசாக வளைத்து வைப்பது ஆகியவையே முதலில் வரும். இரு கைகளிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண் இடுவார்கள். அடுத்து, நடுவில் உள்ள 'ஸி' என்னும் கட்டையைக் காட்டுவார்கள். அதன் அதிர்வெண் விநாடிக்கு ஏறத்தாழ 261.6. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் நம் சங்கராபரணத்தின் சுரங்கள் கிடைக்கும். கட்டைகள் எட்டு, விரல்களோ ஐந்து. எனவே மூன்றாம் விரலின் அடியில் கட்டைவிரலை நுழைத்து மேலே செல்லக் கற்பீர்கள்.

மோதிர விரலின் பிடிவாதத்திற்கும் காரணம் உண்டு. உள்ளங்கையை மேசைமீது வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். அது எழ மறுக்கும்! விரல்களை உயர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம். பயிற்சியால் அந்தப் பிணைப்பு அறுவதில்லை. அதனோடு இணங்கி வேலை செய்யக் கை பழகுகிறது.

தனித்தனியே நன்றாக வாசித்த இரு கைகளும் சேர்ந்து வாசிக்கும்போது தடுமாறும். இதுவும் எல்லாருக்கும் நேர்வதே. மருந்து ஒன்றுதான்: மிக மெதுவாக வாசித்தல்.

நூலும் கல்லும்

காலப்பிரமாணம் தவறாமல் வாசிக்க மெட்ரோனோம் என்னும் கருவியைப் பயன்படுத்துவார்கள். அதை வாங்கவேண்டும் என்பதில்லை. ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் மையம் வரை 99 செ.மீ. இருந்தால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல 1 விநாடி ஆகும்; அதாவது நிமிடத்திற்கு 60 தட்டு. 56 செ.மீ. என்றால் 80 தட்டு, 25 செ.மீ. என்றால் 120 தட்டு. நீளம் நான்கில் ஒன்றானால் அலைவு நேரம் பாதியாகும் என்னும் தனி ஊசல் விதியை இங்கே காணலாம். 99 செ.மீ. நூலில் தொடங்குங்கள். பிழையின்றி நான்கு முறை வாசித்தபிறகே நூலைக் குறையுங்கள்.

எந்தக் கருவி?

பியானோ விலை மிகுந்தது. பெரும்பாலோர் மின்னணுக் கீபோர்டில்தான் தொடங்குகிறார்கள். வாங்குமுன் ஒரு கட்டையை மெல்லவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். ஒலியில் வேறுபாடு இல்லையென்றால், அதில் கட்டைகளின் இடத்தையும் இசைக் குறியீட்டையும் கற்கலாம்; ஆனால் விரலின் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கற்க முடியாது. அதற்கு ஆசிரியரிடமோ பள்ளியிலோ உள்ள பியானோவில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் வாசியுங்கள். ஞாயிறன்று இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் பழகுவது நல்லது.

முன்னேற்றத்தை அளக்க ஒரு சோதனை சொல்கிறேன். அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கட்டைகளை ஐந்து விரல்களாலும் மேலும் கீழுமாக வாசியுங்கள். நண்பர் ஒருவர் திரும்பி நின்று, ஒலியை மட்டும் கேட்டு, எந்த விரல் மெலிந்தது என்று சொல்லட்டும். அவரால் சொல்ல முடியாத நாள் வந்துவிட்டால், அடுத்த பாடத்திற்கு உங்கள் கை தயார்.