சிம்சன் பாலைக்கு முதன்முறை பைக்கில் போகிறவர்களுக்கு

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் கிடக்கும் சிம்சன் பாலைவனத்தைக் குழுவாகச் சேர்ந்து பைக்கில் கடக்கப் போகிறீர்கள். மேற்கு ஓரத்தில் மவுண்ட் டேரில் பெட்ரோல் நிரப்பினால் கிழக்கே பேர்ட்ஸ்வில் வரை சுமார் 500 கிலோமீட்டர். நடுவே ஊர் இல்லை, கடை இல்லை, பங்க் இல்லை. ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் மணல்மேடுகள் 1,100க்கும் மேல் உண்டு. சில மேடுகள் 200 கிலோமீட்டர் நீளம் போகின்றன, அவற்றைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. ஒவ்வொன்றாக ஏறி இறங்கியே ஆகவேண்டும்.

இங்கே பயணங்கள் கெடுவது பெரும்பாலும் மணலால் அல்ல, குழு சிதறுவதால். கீழே எழுதியிருப்பவற்றில் பாதிக்கு மேல் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

1. எந்த பைக் என்று யோசிக்கும் முன் யாரோடு போகிறீர்கள் என்று யோசியுங்கள். ஆறு பைக், கூடவே இரண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்பது நல்ல அளவு. பத்தைத் தாண்டினால் மேட்டுக்கு மேடு காத்திருப்பதிலேயே பகல் போய்விடும். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு எல்லோரும் ஒருநாள் மணலில் சேர்ந்து ஓட்டுங்கள். கடற்கரையானாலும் போதும். யார் மெதுவாக ஓட்டுகிறார், யார் விழுந்தால் எரிச்சல்படுகிறார், யார் களைத்துப்போனாலும் வாய்திறக்காமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார் என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். அந்த மூன்றாவது ஆளிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

2. மெதுவாக ஓட்டுகிறவரைக் கடைசியில் விடாதீர்கள். தலைவருக்கு அடுத்த இடம் அவருடையது. கடைசியில் விட்டால் என்ன நடக்கும்? முன்னால் போனவர்கள் நிழலில் நின்று தண்ணீர் குடித்து இளைப்பாறியிருப்பார்கள். அவர் வந்து சேர்ந்ததும் “சரி, போகலாமா?” என்று எழுந்துவிடுவார்கள். குழுவிலேயே அதிகம் பாடுபடுகிறவருக்கு நாள் முழுக்க ஓய்வே கிடைக்காது. மாலை நான்கு மணிக்கு அவர் விழுந்தால் அந்த விழுதலில் எல்லோருக்கும் பங்கு உண்டு. நன்றாக ஓட்டத் தெரிந்தவர், கருவி தெரிந்தவர், பொறுமை உள்ளவர், இவர்தான் கடைசியில் வரவேண்டும்.

3. பாலையின் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலப் பகுதி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடப்பட்டிருக்கும். கோடை வெயில் ஆளைக் கொன்றுவிடும் என்பதால்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். பாலைவனப் பூங்காக்களுக்கான அனுமதிச்சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள்.

4. பைக் லேசாக இருக்கட்டும். சாலையில் சுகமாக ஓடும் பெரிய பைக்கை மணலில் ஒருநாளில் எத்தனை முறை தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூட்டை முடிச்செல்லாம் காரில் போகட்டும். உங்கள் முதுகில் தண்ணீர்ப் பை, இடுப்பில் சின்னக் கருவிப் பை, அவ்வளவுதான். டயர் காற்றை 12 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம். காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் நழுவி டியூப் வால்வைப் பிய்த்துவிடாமல் ரிம் லாக் போட்டிருக்க வேண்டும். பம்ப்பும் மாற்று டியூபும் கடைசியில் வருகிறவரிடம் இருக்கட்டும். முன்னால் போய்விட்டவரிடம் பம்ப் இருந்து பயனில்லை.

கூட வரும் காருக்கும் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள். காற்று நிறைந்த டயரோடு கார்கள் துள்ளித் துள்ளி ஏறியதால்தான் பிரெஞ்ச் லைன் பாதையின் சரிவுகள் இவ்வளவு குண்டும் குழியுமாகிக் கிடக்கின்றன. 1960களில் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சு நிறுவனம் போட்ட பாதை அது. நமக்குப் பின்னாலும் ஆட்கள் வருவார்கள்.

5. மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். இந்த மேடுகளுக்கு மேற்குச் சரிவு தணிவு, கிழக்குச் சரிவு செங்குத்து. தணிவான பக்கம் ஏறிச் செங்குத்துப் பக்கம் இறங்குவது புதியவருக்கு எளிது. இதில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், உச்சிக்கு வரும்போது ஒன்றும் தெரியாது. குளிரில் மணல் இறுகியிருப்பதால் காலையில் ஏறுவது சுலபமாக இருக்கும், அந்தச் சுலபமே வேகத்தைக் கூட்டச் சொல்லும். சூரியன் சற்று மேலே வரும்வரை வேகத்தை அடக்குங்கள்.

6. இனி ஏறும் முறை. மேட்டின் அடியில் சமதரையிலேயே கியரையும் வேகத்தையும் சரிசெய்துகொள்ளுங்கள். ஏறும்போது கியர் மாற்றினால் அந்த அரை நொடியில் மணல் சக்கரத்தைப் பிடித்துவிடும். ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கைக் கவ்வி, உடம்பைச் சற்றுப் பின்னே வையுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முன்சக்கரம் இடமும் வலமும் அலையும், அலையட்டும். கண் சக்கரத்தின் முன்னால் இருக்கும் மணலைப் பார்க்கக் கூடாது, உச்சியைப் பார்க்கவேண்டும். பயம் வந்தால் கை தானாக ஆக்ஸிலேட்டரை மூடும். மூடினால் எடை முன்னே வந்து முன்சக்கரம் புதையும், நீங்கள் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுவீர்கள். பயத்திலும் கையைத் திறந்தே வைத்திருக்கப் பழகுவதுதான் மணலில் ஓட்டுவதன் முக்கால் பங்கு. இதைச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது, விழுந்து விழுந்துதான் வரும். அதனால்தான் முதலில் கடற்கரை என்றேன்.

பாதி மேட்டில் நின்றுபோனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் குழி தோண்டாதீர்கள், கிளட்ச் கருகும். கருகிய கிளட்சுக்கு அங்கே மருந்தில்லை. இன்ஜினை அணையுங்கள். பைக்கைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பின்சக்கரக் குழியை மணல் தள்ளி மூடுங்கள். முன்சக்கரத்தை இழுத்து இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி, கீழே இறங்கி, ஆரம்பத்திலிருந்து வாருங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிட வேலை. தனியாளாகச் செய்தால் அன்றைய தெம்பில் கால்வாசி அதற்கே போகும். யாராவது சிக்கினால் பின்னால் வருகிறவர் கேட்காமலே இறங்கி உதவ வேண்டும்.

7. உச்சியில் நிற்கக் கூடாது. எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஒருவர் உச்சி தாண்டி இறங்கி, பாதையை விட்டு ஒதுங்கிய பிறகே அடுத்தவர் ஏறவேண்டும். நீண்ட கம்பில் கொடி கட்டுவது இங்கே சட்டப்படி கட்டாயம். மறுபக்கம் ஏறி வரும் வண்டியின் கூரைக்கு முன்னால் அதன் கொடிதான் கண்ணில் படும். ஆனால் கொடியை மட்டும் நம்ப வேண்டாம். சிம்சனில் யு.எச்.எஃப். ரேடியோவில் 10-வது சேனலில் பேசுவது வழக்கம். எத்தனை பைக், எத்தனை கார், எந்தப் பாதையில் எந்தத் திசையில் போகிறீர்கள் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே போங்கள். எதிரே ஒரு குழு வந்தால் உங்களில் கடைசி ஆள் கடந்ததும் “இவரோடு முடிந்தது” என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் எதிரே வந்தவர் எல்லோரும் போய்விட்டதாக நினைத்து மேட்டில் ஏறிவிடுவார்.

8. பாதை பிரிகிற இடத்தில் தலைவருக்கும் மெதுவாக ஓட்டுகிறவருக்கும் அடுத்து வருகிறவர் நிற்கவேண்டும். திரும்பும் பக்கத்தைக் காட்டியபடி, கடைசி ஆள் கண்ணில் படும்வரை அங்கேயே நிற்கவேண்டும். வெயிலானாலும், அரை மணி ஆனாலும், “நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று நகரக் கூடாது. நகர்ந்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் நேரே போய்விடுவார்கள். ஒவ்வொருவரும் தன் கண்ணாடியில் பின்னவரின் விளக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு மேடு தாண்டியும் விளக்கு வரவில்லையா, நில்லுங்கள். நீங்கள் நின்றால் உங்கள் முன்னவரும் நிற்பார், அப்படியே தலைவர் வரை செய்தி போய்விடும்.

9. பெட்ரோலும் தண்ணீரும். தார்ச்சாலை மைலேஜை மறந்துவிடுங்கள். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்று வைத்தால் பைக்குக்கு 40 லிட்டர், ஆறு பைக்குக்கு 240 லிட்டர். அதாவது 20 லிட்டர் ஜெர்ரி கேன் பன்னிரண்டு. ஆறு ஓட்டுநரும் காரில் நால்வரும் சேர்ந்து பத்துப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர், ஐந்து நாள் என்றால் 400 லிட்டர் தண்ணீர். அதன் எடை மட்டும் 400 கிலோ. இரண்டு கார் ஏன் கேட்டேன் என்பது இப்போது புரியும். எல்லாத் தண்ணீரையும் ஒரே காரில் ஏற்றாதீர்கள், ஒரே தொட்டியிலும் ஊற்றாதீர்கள். ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கும்.

10. ஸ்பினிஃபெக்ஸ் என்ற முள்புல் எங்கும் இருக்கும். அதன் விதை ரேடியேட்டரை அடைக்கும். காய்ந்த புல் சூடான சைலன்சரிலும் காரின் அடிப்பக்கத்திலும் சிக்கினால் தீப்பிடிக்கும். நிற்கும் இடமெல்லாம் குனிந்து பார்த்துப் பிடுங்கிவிடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

11. யாராவது மோசமாக விழுந்தால் முதல் வேலை, மேட்டின் இருபுறமும் ஆளை நிறுத்தி வண்டிகளைத் தடுப்பது. ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள், கழுத்து எலும்பில் அடிபட்டிருக்கலாம். செல்போனை நம்பிப் போகாதீர்கள். சாட்டிலைட் போன் ஒன்று வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒவ்வொரு ஓட்டுநரின் சட்டைப்பையிலும் வேண்டும். காரில் இருக்கிற பீக்கன் மேட்டுக்கு அந்தப்புறம் விழுந்துகிடப்பவருக்கு உதவாது. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் அதை இலவசமாகப் பதியலாம். பதிந்திருந்தால் யாருடையது என்று அவர்களுக்கு உடனே தெரியும். 1928-ல் ஜான் ஃபிளின் தொடங்கிவைத்த பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் உள்நாட்டு மக்களின் உயிரைக் காக்கிறது. ஆனால் விமானம் இறங்க ஓடுதளம் வேண்டும், மணல்மேட்டுக்கு நடுவே அது வந்து இறங்காது. உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு, குழுவில் இரண்டு பேராவது முதலுதவிப் பயிற்சி எடுத்துவிட்டு வாருங்கள்.

12. போகிற நிலம் யாருடையது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1936-ல் டெட் கோல்சன் ஒட்டகங்களோடு இதைக் கடந்தார் என்றும், 1962-ல் ரெக் ஸ்பிரிக் மனைவி மக்களோடு முதன்முதலாக வண்டியில் கடந்தார் என்றும் படிப்பீர்கள். கோல்சனோடு பீட்டர் ஐன்ஸ் என்ற பழங்குடித் தோழர் கூடவே போனார் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே வங்கங்குரு மக்கள் இந்த மேடுகளுக்கு நடுவே குடும்பம் நடத்தினார்கள். மிக்கிரி எனப்படும் ஒடுங்கிய ஆழ்கிணறுகளைத் தோண்டி, கிணற்றுக்குக் கிணறு நடந்து வாழ்ந்தார்கள். கடைசிக் குடும்பங்கள் 1900 வாக்கில்தான் வெளியேறின. நாம் 400 லிட்டரைச் சுமந்துகொண்டு போகிற இடத்தில் அவர்கள் தண்ணீரைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பழைய கல்கருவியோ எலும்போ கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பாதையை விட்டு மேடுகளில் விளையாட்டுக்கு ஓட்டாதீர்கள். கொண்டுபோன குப்பையை, கழிப்பறைத்தாள் உட்பட, திரும்பக் கொண்டு வாருங்கள்.

13. பொப்பல் கார்னரில் குவீன்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம் மூன்றும் சந்திக்கின்றன. 1880-ல் அகஸ்டஸ் பொப்பல் அளந்து கம்பம் நட்டார். அவர் கொண்டுபோன அளவுச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டுவிட்டிருந்ததால் கம்பம் உப்பு ஏரிக்குள் போய் நின்றது, பிறகு அளந்து மாற்றினார்கள். உங்களுக்கு அங்கே வரக்கூடிய குழப்பம் வேறு. குளிர்கால மாதங்களில் குவீன்ஸ்லாந்து நேரம் மற்ற இரண்டைவிட அரை மணி முந்தி ஓடுகிறது. பேர்ட்ஸ்வில் போய்ச் சேரும்வரை குழு முழுவதும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுங்கள். “ஐந்து மணிக்குள் வராவிட்டால் தேடி வாருங்கள்” என்று ஒருவர் சொன்னால், அது எந்த ஐந்து மணி என்ற சந்தேகம் இருக்கக் கூடாது.

14. சூரியன் சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே முகாம் போடுங்கள். பகல் வெயிலை நம்பிக் கம்பளியைக் குறைக்காதீர்கள், ஜூலை இரவில் தண்ணீர்க் குடுவையில் பனிக்கட்டி கட்டலாம். பூட்ஸைக் கூடாரத்துக்குள் வையுங்கள், டிங்கோ நாய் தூக்கிக்கொண்டு போய்விடும். பூட்ஸ் போனவர் மறுநாள் பைக் ஓட்ட முடியாது. கிளம்பும் முன் டால்ஹவுசி வெந்நீர் ஊற்றில் ஒரு மாலை தங்குங்கள். உடம்புச் சூட்டை ஒட்டிய நீர் அது. குழுவினர் ஒருவரோடொருவர் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

15. கடைசி நாள்தான் அவசரம் வரும். ஐர் கிரீக் ஓடையில் எங்கோ வடக்கே பெய்த மழையின் தண்ணீர் நிற்கலாம். இங்கே வானம் வெளுத்திருப்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். சுற்றுவழி இருக்கிறது, அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் வைத்திருங்கள். பிறகு பிக் ரெட் என்ற மணல்மேடு, சுமார் 40 மீட்டர் உயரம். ஏற முடியாதவர் பக்கத்து வழியில் போகட்டும், யாரும் வற்புறுத்த வேண்டாம். அங்கிருந்து பேர்ட்ஸ்வில் 35 கிலோமீட்டர். 1884-ல் கட்டிய பழைய விடுதி வாசலில் படமெடுக்கும் ஆசையில் அந்தத் தூரத்தைப் பறந்து கடக்கிறார்கள், காற்றிறங்கிய டயரோடு கல்பாதையில். நின்று காற்றடித்துவிட்டுப் போங்கள். ஊரில் கால் வைத்ததும் தலையை எண்ணுங்கள். எல்லோரும் வந்தாயிற்று என்றால், நீங்கள் கிளம்பும்போது எந்த வீட்டில், எந்தக் காவல் நிலையத்தில் தேதி சொல்லி வைத்தீர்களோ அவர்களுக்கு முதலில் போன் போடுங்கள். குளியலும் சாப்பாடும் அதற்குப் பிறகு. நீங்கள் சொல்ல மறந்தால் அவர்கள் தேடக் கிளம்பிவிடுவார்கள்.