பட்டு நகரின் கவிதை மையம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்னும் நகரம் இருக்கிறது. பசேயிக் ஆறு அங்கே ஏறத்தாழ 23 மீட்டர் உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. அந்த நீரின் வேகத்தைக் கொண்டு ஆலைகளை இயக்கலாம் என்று அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்ஸாண்டர் ஹாமில்டன் கருதினார். அவருடைய முயற்சியால் 1791ஆம் ஆண்டில் தொழில் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்த நிறுவனம் உருவாக்கிய ஊரே பேட்டர்சன். பிற்காலத்தில் பட்டு நெசவு அங்கே பெரிதும் வளர்ந்ததால், ‘பட்டு நகரம்’ என்ற சிறப்புப் பெயரும் அதற்கு ஏற்பட்டது.

பட்டு உடுத்தியவர்கள் செல்வர்கள். அதை நெய்தவர்களோ ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர்கள். இரண்டு தறிகளைக் கவனித்து வந்த நெசவாளர்களை நான்கு தறிகளைக் கவனிக்குமாறு முதலாளிகள் கட்டாயப்படுத்தினர். அதனால், 1913ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எட்டு மணி நேர வேலையும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. பல மாதங்கள் நீடித்த அந்தப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. காலப்போக்கில் பட்டாலைகளும் மறைந்தன. ஆனால், குடியேறிகள் வருவது நிற்கவில்லை. இத்தாலியர்களுக்குப் பின் பெரு, டொமினிக்கன் குடியரசு, பாலஸ்தீனம், வங்காளதேசம் எனப் பல நாட்டினர் அந்நகரில் குடியேறினர்.

உழைப்பாளிகள் நிறைந்த இத்தகைய ஊரில் கவிதைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பேட்டர்சன் நகரமே விடை சொல்கிறது.

மருத்துவரும் இளைஞரும்

பேட்டர்சனுக்கு அருகிலுள்ள ரதர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் வாழ்ந்தார். ஏழைக் குடியேறிகளின் வீடுகளுக்குச் சென்று மகப்பேறு பார்ப்பதும் குழந்தைகளுக்கு மருத்துவம் செய்வதும் அவருடைய அன்றாடப் பணி. நோயாளிகளைப் பார்த்து முடித்த இடைவேளைகளில் அவர் கவிதை எழுதினார். சாதாரண மக்கள் தெருவில் பேசும் பேச்சிலேயே கவிதை இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. ‘பேட்டர்சன்’ என்ற தலைப்பிலேயே அவர் எழுதிய நெடுங்கவிதை 1946 முதல் 1958 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது.

அதே பேட்டர்சனில் வளர்ந்த இளைஞர் ஒருவர் வில்லியம்ஸுக்குக் கடிதம் எழுதினார். நானும் இந்த ஊர்க்காரன்தான், நானும் கவிதை எழுதுகிறேன் என்று அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். மூத்த கவிஞர் அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிடவில்லை. தம் நெடுங்கவிதைக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்தார். பின்னர், 1956ஆம் ஆண்டில் அந்த இளைஞரின் கவிதை நூல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரையும் எழுதினார். அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஆலன் கின்ஸ்பெர்க்.

கின்ஸ்பெர்க்கின் தந்தை பள்ளி ஆசிரியர், கவிஞரும்கூட. எனவே, கவிதை பேசப்படும் வீட்டில் அவர் வளர்ந்தார். தம் படைப்பைப் படித்துப் பார்க்கும் ஒரு மூத்தவரும் அவருக்குக் கிடைத்தார். ஆனால், தறியருகில் நின்ற தொழிலாளியின் மகளுக்கு அப்படிப்பட்ட துணை எங்கே கிடைக்கும்? இந்தக் குறையைப் போக்க முன்வந்தது ஒரு சமூகக் கல்லூரி.

எல்லாருக்கும் திறந்த கதவு

மலேசியாவிலும் சமூகக் கல்லூரிகள் உள்ளன. அவை பெரும்பாலும் தொழில்திறன் பயிற்சியை முதன்மையாகக் கொண்டவை. அமெரிக்கச் சமூகக் கல்லூரிகள் தொழிற்கல்வியோடு பல்கலைக்கழகப் பட்டப்படிப்பின் முதல் இரண்டாண்டுப் பாடங்களையும் வழங்குகின்றன. அங்கே கட்டணம் குறைவு. சேர்க்கை விதிகளும் எளியவை. பகலில் வேலை செய்துவிட்டு மாலையில் படிப்பவர்கள், பிள்ளைகளை வளர்த்தபின் மீண்டும் படிக்க வருபவர்கள், புதிதாகக் குடியேறி ஆங்கிலம் கற்பவர்கள் எனப் பலரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பர்.

பேட்டர்சனில் உள்ள பசேயிக் மாவட்டச் சமூகக் கல்லூரி இத்தகையது. அங்கே 1980ஆம் ஆண்டில் மரியா மசியோட்டி கில்லன் என்ற கவிஞர் ஒரு கவிதை மையத்தை நிறுவினார். பெயர்பெற்ற கவிஞர்களை அந்த மையம் பேட்டர்சனுக்கு அழைத்தது. அவர்கள் பொதுமக்கள் முன்னிலையில் தங்கள் கவிதைகளை வாசித்தனர். எழுதக் கற்க விரும்புவோருக்குப் பயிலரங்குகளும் நடந்தன. ‘பேட்டர்சன் லிட்டரரி ரிவியூ’ என்ற இலக்கிய இதழை அந்த மையம் வெளியிட்டது. சிறந்த கவிதை நூல்களுக்கு ஒரு பரிசையும், தனிக் கவிதைகளுக்கு ஆலன் கின்ஸ்பெர்க்கின் பெயரால் மற்றொரு பரிசையும் ஏற்படுத்தியது.

இந்த ஏற்பாடுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. வாசிப்பு நிகழ்ச்சி நல்ல கவிதையைக் கேட்கச் செய்கிறது. பயிலரங்கு எழுதத் தூண்டுகிறது. இதழும் பரிசும் எழுதியதைப் பிறரிடம் கொண்டு சேர்க்கின்றன. கேட்பது, எழுதுவது, பிறரோடு பகிர்வது ஆகிய மூன்றும் ஓரிடத்தில் தொடர்ந்து நடக்கும்போதுதான் எழுத்துப் பண்பாடு வேரூன்றுகிறது.

மறைத்து வைத்த பெயர்

கில்லன் இந்தப் பணியில் இறங்கியதற்கு அவருடைய வாழ்க்கையே காரணம். அவர் 1940ஆம் ஆண்டில் பேட்டர்சனில் இத்தாலியக் குடியேறிகளின் மகளாகப் பிறந்தார். வீட்டில் பேசியது இத்தாலிய மொழி. பள்ளியில் கேட்டதோ ஆங்கிலம். வீட்டு மொழி வாய்தவறி வந்துவிடுமோ என்று அஞ்சி, அவர் வகுப்பில் பேசாத சிறுமியாக இருந்தார். தந்தையின் இத்தாலியப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, அதை ஆங்கிலப் பெயராக மாற்றிச் சொன்னதும் உண்டு.

பல ஆண்டுகளுக்குப் பின், எந்தப் பெயரை மறைத்தாரோ அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து அவர் கவிதை எழுதினார். பள்ளிக்கூடத்தில் அனுபவித்த கூச்சத்தையும், உழைத்துக் களைத்த பெற்றோரையும் கவிதையாக்கினார். மறைக்க வேண்டியதாகத் தோன்றிய வாழ்க்கையே அவருக்குக் கவிதைப் பொருளானது. அவருடைய கவிதை நூல் ஒன்று 2008ஆம் ஆண்டில் அமெரிக்க நூல் விருதைப் பெற்றது. முன்னதாக, 1994ஆம் ஆண்டில் தம் மகளுடன் சேர்ந்து, பல்வேறு இனங்களைச் சேர்ந்த அமெரிக்கக் கவிஞர்களின் படைப்புகளைத் தொகுத்தும் வெளியிட்டிருந்தார்.

தோள்மேல் அமர்ந்த காகம்

எழுதத் தொடங்கும் ஒவ்வொருவரின் தோளிலும் ஒரு காகம் அமர்ந்திருக்கிறது என்பது கில்லன் கூறும் உவமை. ‘உனக்கு எழுதத் தெரியாது, உன் மொழி சரியில்லை, உன் கதையை யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற பொருளில் அது ஓயாமல் கரைந்துகொண்டே இருக்கும். முதலில் அந்தக் காகத்தை விரட்ட வேண்டும். பிறகு மனத்தின் ஆழத்திலுள்ள குகைக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் நினைவுகளை எழுத வேண்டும் என்று அவர் கற்பிக்கிறார். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் இந்தக் கருத்து விரிவாக உள்ளது.

அப்படியானால் இலக்கணமும் திருத்தமும் வேண்டாமா? வேண்டும். ஆனால், அவற்றுக்கு உரிய நேரம் வேறு. எழுதும்போதே ஒவ்வொரு சொல்லையும் குறைகூறிக்கொண்டிருந்தால் தாள் வெறுமையாகவே இருக்கும். முதலில் எழுதுவது, பின்னர்த் திருத்துவது என்ற வரிசையைப் பின்பற்றினால் இரண்டும் நன்றாக நடக்கும்.

கவிதையால் என்ன பயன்?

வேலைக்கான படிப்பைத் தேடி வரும் மாணவருக்குக் கவிதை எதற்கு என்று சிலர் கேட்பர். அந்தக் கேள்வியைப் புறந்தள்ள முடியாது. கவிதை வாடகை கட்டாது. பயிலரங்குக்கு வருவோர் அனைவரும் கவிஞராவதும் இல்லை. இருப்பினும், தன் தாயின் தையல் வேலையைப் பற்றிப் பத்து வரி எழுதி, அதைப் பலர் முன்னிலையில் வாசித்தவருக்கு ஒரு துணிவு பிறக்கிறது. தன் குடும்பமும் தன் மொழியும் பிறர் கேட்கத் தக்கவை என்பதை அவர் உணர்கிறார். நேர்முகத் தேர்விலும் பணியிடத்திலும் தலைநிமிர்ந்து பேசுவதற்கு அந்தத் துணிவு உதவும்.

மாணவர்களே, கின்ஸ்பெர்க்குக்கு ஒரு வில்லியம்ஸ் கிடைத்தது நற்பேறு. அத்தகைய நற்பேற்றை வாய்ப்புக்கு விட்டுவிடாமல், யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய ஓர் அறையாக மாற்றியதே அந்தச் சமூகக் கல்லூரியின் சாதனை. அத்தகைய அறையை உருவாக்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. வாரத்திற்கு ஒரு மணி நேரம், வாசிக்க ஒருவர், பொறுமையாகக் கேட்கச் சிலர் இருந்தால் உங்கள் பள்ளியிலும் அதைத் தொடங்கலாம். முதல் கவிதைக்குப் பொருள் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் தாத்தா பாட்டி என்ன வேலை செய்தார்கள் என்று இன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. வில்லியம்ஸ் மருத்துவப் பணியையும் கவிதையையும் எவ்வாறு இணைத்துக்கொண்டார்?
2. வாசிப்பு நிகழ்ச்சி, பயிலரங்கு, இதழ் ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் கவிதை மையத்தின் பணி எவ்வாறு பாதிக்கப்படும்?
3. ‘மறைக்க வேண்டியதாகத் தோன்றிய வாழ்க்கையே அவருக்குக் கவிதைப் பொருளானது.’ இத்தொடரைக் கில்லனின் வாழ்க்கையோடு பொருத்தி விளக்குக.
4. உங்கள் தோளில் அமர்ந்திருக்கும் காகம் என்ன சொல்கிறது? அதற்கு நீங்கள் கூறும் மறுமொழியை ஒரு பத்தியில் எழுதுக.