வயல்வழியும் வானம்பாடியும்

பயிர் செய்யும் நிலத்தினூடே பொதுமக்கள் நடந்து செல்லும் உரிமை இங்கிலாந்தில் நெடுங்காலமாக உண்டு. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவ்வழிகள் வரைபடங்களிற் குறிக்கப்படலாயின. நிலம் ஒருவருடையது, வழி எல்லோருடையது. அங்கே கூடு கட்டும் பறவைக்கோ இரு திறத்தாராலும் இன்னல் நேர்கிறது. 1970-ஆம் ஆண்டுக்குப் பின் பிரிட்டனின் வயல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. மூவரும் ஒரே நிலத்தில் வாழும் முறை யாது என்பதே இப்பாடம்.

1. விதையா இடம்: வானம்பாடி பயிரின் நடுவே தரையிற் கூடு கட்டுவது. குளிர்காலத்திற்கு முன்னரே விதைக்கும் கோதுமை, கோடைத் தொடக்கத்தில் உயர்ந்து அடர்ந்துவிடும். பறவை இறங்கிப் பூச்சி தேட இயலாது. ஆகவே ஹெக்டேருக்கு இரண்டு இடங்களில், ஒவ்வொன்றும் சுமார் 16 சதுர மீட்டர், விதையாது விடுகின்றனர். வயலோரத்தினின்று இவை தள்ளியே இருக்கும். 10,000 சதுர மீட்டரில் விதையாதது 32 மட்டுமே.

2. வண்டுக்கரை: பெரிய வயலின் நடுவே மண்ணை அணைத்துக் கரையாக்கிப் புல் வளர்க்கின்றனர். தரைவண்டுகள் அதிற் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் பயிருக்குள் பரவி அசுவினியைத் தின்னும். குடியானவருக்கு இது தருமம் மட்டுமன்று, ஆதாயமும் ஆகும்.

3. தெளிந்த வழி: மற்ற இரண்டிற்கும் இதுவே காவல். வயலின் குறுக்கே செல்லும் நடைவழியைப் பயிருக்காக உழுதால், 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்திற்குச் சீர்செய்தல் வேண்டுமென 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வயலோர வழியை உழவே கூடாது. இதனைச் சுமையென்று கருதுவாருண்டு. வழி தெளிவாயிருந்தால் நடப்போர் அதை விட்டு விலகார். சேறும் முள்ளும் மறித்தாலன்றோ பயிருக்குள் புதுத்தடம் விழுகிறது, கூடும் மிதிபடுகிறது! அவிழ்த்துவிட்ட நாயைக் கண்டு தாய்ப்பறவை எழுந்தோடினால் முட்டைகள் குளிர்ந்துபோகும். எனவே "நுழையாதே" என்று அதட்டும் பலகையினும், "பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம், நாயைக் கயிற்றிற் பிடித்துச் செல்லுங்கள்" என்று காரணங் கூறும் பலகையே நற்பயன் தரும்.

பறவை வேலியறியாது. ஒருவர் மட்டும் பேணி, அண்டை வயலார் பேணாதுவிடின் பயன் சிறிதே. ஆதலின் அங்கே அண்டைப் பண்ணைக்காரர்கள் குழுக்களாகச் சேர்ந்து இப்பணியைச் செய்து வருகின்றனர். இது கூட்டுறவாளராகிய நமக்குப் புதிய தத்துவமன்று.

அங்கத்தினர் சிந்தனைக்கு:
(அ) நம் வரப்புகளில் ஊரார் நடக்கும் வழிகள் எவை? அவை செவ்வையாக உள்ளனவா?
(ஆ) நம் வயல்களிற் கூடு கட்டும் பறவைகள் எவை? அவற்றுக்கென எவ்வளவு இடம் விடலாம்?